கடல் சாமந்தி கல்லை விட்ட கதை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது கித்தேரி அக்கா. நான் மூத்தவளை எட்டு மாதம் சுமந்துகொண்டிருந்த ஆனி மாதம் அது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் முதல் மடி வலை இழுத்துக் கரைக்கு வந்த நாள். நல்ல மீனையும் இறாலையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் ஒரே குவியலாகக் கொட்டிவிடுவார்கள். அதற்குச் சங்காயம் என்று பேர். குவியலைச் சுற்றி உட்கார்ந்து பிரித்துப் போடுவது எங்கள் வேலை. அன்றைக்கு அக்கா கையில் ஒரு சங்கு வந்தது. அதன் முதுகில் பூவைப் போல ஒன்று ஒட்டியிருந்தது. அக்கா சங்கின் வாயைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கால் அசைந்தது. உடனே எழுந்து, விறுவிறுவென்று போய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்னக்கா அதுல கெடக்கு?" என்றேன்.

"ரெண்டு பேரு கெடக்காக. கையை நிறுத்தாம கேளு, சொல்றேன்" என்றாள். அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

கடலுக்கு மேலே இருக்கிறவர்களும் கடலுக்குக் கீழே இருக்கிறவர்களும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பத்துப் பாகம், அதாவது பத்து ஆள் ஆழத்தில் ஒரு பார் இருந்தது. சுற்றிலும் சேறு, நடுவில் மட்டும் கல்லும் மேடும். அந்தக் கல்மேட்டுக்குத்தான் பார் என்று பேர். அப்பா, என்ன கூட்டம் அங்கே! மஞ்சளும் சிவப்புமாகக் கடல் விசிறிகள் வரிசையாக நின்று அசையும். கடல் பஞ்சுகள் குடம் குடமாக உட்கார்ந்திருக்கும். ஐந்து கைக்காரி நட்சத்திர மீன், உடம்பெல்லாம் முள்ளான கடல் முள்ளி, சேற்றைத் தின்று தின்று கழுவிப் போடுகிற கடல் அட்டை, குழாய்க்குள் இருந்து தலையை மட்டும் நீட்டி ஊர்வம்பு கேட்கிற புழு, வாயை மூடத் தெரியாத சிப்பிகள். ஒரு சாண் இடம் காலியாக இருந்தால் காலையில் அங்கே ஒரு புதுக் குடும்பம் வந்திருக்கும். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பிள்ளை நசுங்குது" என்பதுதான் அந்தப் பாரில் நாள் முழுக்கக் கேட்கிற பேச்சு.

அந்தப் பாரின் கிழக்கு ஓரத்தில், ஒரு கருங்கல்லின் மேல் பூவாத்தா என்கிற கடல் சாமந்தி இருந்தாள். பார்க்கப் பூவைப் போல இருப்பாள். ஆனால் பூ இல்லை, உயிர். இதழ் என்று நினைத்துத் தொட்டால் சுரீர் என்று சுடும். அவள் பிறந்தது முதல் அந்தக் கல்லை விட்டு ஒரு விரல்கடை நகர்ந்ததில்லை. விடிந்ததும் இதழ்களை விரித்து, "ஆண்டவரே, நீர் வைத்த இடத்தில் என்னை வைத்திரும்" என்று ஜெபம் சொல்லுவாள். சொல்லி முடித்ததும், யாருக்கும் கேட்காமல், "ஆனாலும் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஒரே ஒரு தரம் பார்த்தா நல்லா இருக்கும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வாள். சேர்த்த பிறகு வெட்கமாகிவிடும். இதழ்களை மடக்கிக்கொள்வாள்.

அவள் கல்லுக்கு அடியில் கோணையன் குடியிருந்தான். அவன் சங்கு நண்டு. மற்ற நண்டுக்கு முதுகில் ஓடு உண்டு. சங்கு நண்டுக்கோ பின்பக்கம் முழுக்க மெத்தென்று வெறும் சதைதான், அதுவும் கோணலாகச் சுருண்டு இருக்கும். அதனால் செத்த சங்கின் கூட்டைத் தேடிப் பிடித்து அதற்குள் குடியிருப்பான். கோணையன் வளர்ந்துவிட்டான், கூடு வளரவில்லை.

"அக்கா, கூடு கடிக்குது" என்பான்.

"தின்னுறதக் கொறச்சுக்கடா" என்பாள் பூவாத்தா.

"நீ கீழ சிந்துறதத்தான நான் திங்கேன்? நீ சிந்தாம சாப்புடு."

இப்படியே சண்டையும் சிரிப்புமாக இருப்பார்கள்.

கோணையனுக்கு அந்தப் பாரில் ஒரு பொறுப்பு இருந்தது. அது சின்னப் பொறுப்பு இல்லை. மேலே தொம்மை என்று ஒரு வலைக்காரர். வலை இறக்குவதற்கு முன்னால் கல் கட்டிய ஒரு கயிற்றைக் கீழே விடுவார். பிறகு வள்ளத்தின் பலகையில் மூன்று தட்டுத் தட்டுவார். டொக், டொக், டொக். கீழே பார் இருந்தால், காவல்காரன் கயிற்றை இரண்டு தரம் இழுக்க வேண்டும். உடனே தொம்மை வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். யாரும் இழுக்கவில்லை என்றால் கீழே வெறும் சேறு என்று அர்த்தம், வலையை இறக்கலாம். தட்டுகிறவர் காத்திருக்க வேண்டும், தட்டப்பட்டவர் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடலில் எழுதாத சட்டம் அதுதான். கால் உள்ளவர்கள் ஓடிவிடலாம். பூவாத்தாவும் விசிறியும் பஞ்சும் எங்கே ஓடுவார்கள்? அவர்கள் உயிர் அந்த இரண்டு இழுப்பில் இருந்தது. அந்தக் காவலைக் கோணையனிடம் கொடுத்திருந்தார்கள், அவன் கொடுக்கு நல்ல பலம் என்று.

ஒருநாள் சாயங்காலம் கயிறு வழியாகத் தொம்மை பேசினார். "தம்பி கோணையா, சேத்துக்குள்ள இறால் ஒளிஞ்சிக்கிது. நாளைக்குப் புது மடி கொண்டாறேன். அடியில இரும்புச் சங்கிலி கட்டியிருக்கேன். தரையோட தரையா ஒரசிக்கிட்டு வரும். நீ கயிறைக் கவனமாப் பார்த்துக்க."

"நீரு கவலப்படாம வாரும் மாமா. நான் இருக்கேன்" என்றான் கோணையன். அவன் அதை மனதாரத்தான் சொன்னான்.

மறுநாள் விடியும்போது என்ன நடந்தது தெரியுமா? பெரிய நீரோட்டம் ஒன்று வந்து, உருட்டி உருட்டி, ஒரு முள்சங்கைப் பாரின் நடுவில் கொண்டுவந்து போட்டது. காலி சங்கு! இரண்டு கைப்பிடி அகலம், உள்ளே முத்துப் போல வழவழப்பு. சங்கு நண்டுகளுக்குச் செய்தி பறந்தது. "கூடு வந்துருக்கு! கூடு வந்துருக்கு!" கல்லிடுக்கில் இருந்தும் சேற்றில் இருந்தும் நண்டுகள் ஓடி வந்தன.

சங்கு நண்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுக்கூடு வந்தால் அடித்துக்கொள்ள மாட்டார்கள். பெரியவனில் இருந்து சின்னவன் வரை வரிசையாக நிற்பார்கள். பெரியவன் புதுக்கூட்டுக்குள் போவான், அவன் விட்ட கூட்டில் அடுத்தவன், அவன் விட்டதில் அதற்கடுத்தவன். ஒரு கூடு வந்தால் ஊருக்கே புது வீடு! ஆனால் கடைசிச் சின்னவன் வந்து நிற்கும் வரை முதல் ஆள் அசையக்கூடாது. வரிசையை விட்டுப் போனவனுக்கு இடம் கிடையாது. அந்த வரிசைக்கு முதல் ஆள் கோணையன்.

"ஏலே, கயிறு?" என்று கல்லில் இருந்து கத்தினாள் பூவாத்தா.

"ஒரு நிமிசம் அக்கா! ரெண்டு வருசமாக் கடிக்குதுல்ல!"

"தொம்மை வர்ற நேரம்டா!"

"அவரு வெயில் ஏறித்தான் வருவாரு. நீ சும்மா இரு."

வரிசை சேர்ந்துகொண்டே இருந்தது. ஒருவன் பின்னால் ஒருவன், கூட்டோடு கூடு இடித்து, சலசல கடகடவென்று ஒரே இரைச்சல். "தள்ளாத!" "யாருலே என் காலை மிதிச்சது?" "எம்புட்டுப் பேரு இன்னும்?" கடைசியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு பொடியன் ஓடிவந்து நின்றான். "நானும் வந்துட்டேன்!" அவ்வளவுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் பழைய கூட்டை விட்டு வெளியே குதித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மேலே தட்டினார் தொம்மை. டொக், டொக், டொக்.

இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பூவாத்தா ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. அவளும் காதால் கேட்கவில்லை. கல்லின் வழியாகப் பாதத்தில் அதிர்ந்தது. "தட்டுறாக! கோணையா, தட்டுறாக!" என்று கத்தினாள். யார் கேட்டார்கள்?

தொம்மை எப்போதும் மாதாவுக்கு மூன்று 'அருள் நிறைந்த' மந்திரம் சொல்லும் நேரம் காத்திருப்பார். (அந்தக் காலத்தில் ஏதுக்கா அருள் நிறைந்த மந்திரம் என்று நான் கேட்டேன். "கதைக்கு நடுவுல கேள்வி கேட்டா இறால் கையில குத்தும்" என்றாள் கித்தேரி அக்கா.) அன்றைக்குப் புது மடியைப் பார்க்கிற ஆசை அவருக்கு. ஒரே ஒரு மந்திரம் சொன்னார். கயிறு இழுபடவில்லை. "சேறுதான்" என்று மடியை இறக்கிவிட்டார்.

மேற்கே இருந்து முதலில் ஒரு புகை வந்தது. சேற்றுப் புகை. அதற்குள் இருந்து கரகரவென்று ஒரு சத்தம். கடல் விசிறிகளில் மேற்கு ஓரத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். "இது என்ன..." என்று அவள் கேட்டு முடிக்கவில்லை.

கோணையனின் பாதி உடம்பு புது முள்சங்குக்குள் போயிருந்தது. சங்கிலியைப் பார்த்தான். இரும்பு உருண்டு வருவதையும், அதன் பின்னால் மடி வாயைத் திறந்து வருவதையும் பார்த்தான். பிறகு, ஆள் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தான்.

"ஐயோ, நான் கெடுத்துட்டேனே!"

ஓடினான். முள்சங்கு பாரம், புதுச் சங்கு, இன்னும் பழகவில்லை. இழுத்துக்கொண்டு ஓடினான். கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்தான், இரண்டு தரம் இல்லை, இருபது தரம். ஆனால் மேலே தொம்மை கயிற்றைக் கையில் இருந்து விட்டு, வள்ளத்துக் கொம்பில் மாட்டிவிட்டுப் பாயைத் திருப்பிக்கொண்டிருந்தார். மடி இறங்கிய பிறகு யார் கயிற்றைப் பார்ப்பார்கள்?

கயிற்றை விட்டான். கிழக்கே திரும்பினான். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம், அந்தப் பாரில் அதற்கு முன் எந்த நண்டும் ஓடாத வேகம்! பூவாத்தாவின் கல்லில் முட்டித்தான் நின்றான்.

"அக்கா, கல்லை விடு!"

பூவாத்தா நடுங்கிக்கொண்டிருந்தாள். இருந்தாலும் பாதத்தை இன்னும் இறுக்கினாள். "மாட்டேன். ஆண்டவரு வச்ச எடம்டா இது. நான் அசைய மாட்டேன்."

"கல்லோட பேத்துக்கிட்டுப் போயிரும்!"

"போகட்டும். நீ ஓடு. உனக்குத்தான் காலு இருக்குல்ல."

"அக்கா, நீ கல்லைப் பிடிச்சிருக்கியா, அவரைப் பிடிச்சிருக்கியா?"

சங்கிலி நெருங்கிவிட்டது. கடல் பஞ்சுக் குடங்கள் உடைந்து உருள்கிற சத்தம் கேட்டது. கோணையன் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்தால் கிழிந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். கொடுக்கை எடுத்தான். அவள் பாதத்தின் ஓரத்தில் மெல்லத் தட்டினான்.

டொக். டொக். டொக்.

பூவாத்தாவின் உடம்பு சிலிர்த்தது. பிறந்தது முதல் அந்தத் தட்டை மேலே இருந்துதான் கேட்டிருக்கிறாள். ஒருநாளும் யாரும் அவளிடம் தட்டியதில்லை. தட்டப்பட்டவர் பதில் சொல்ல வேண்டுமே! இழுப்பதற்கு அவளிடம் கயிறு இல்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு பதில்.

"ஆண்டவரே, என்னைப் பாத்துக்கிரும்" என்றாள். கல்லை விட்டாள்.

அப்பா! என்ன லேசு! இத்தனை வருஷம் பிடித்திருந்த பாதம் விட்டதும் அவள் ஒரு இலை போல மிதந்தாள். கோணையன் இரண்டு கொடுக்காலும் அவளை அணைத்துத் தன் சங்கின் முதுகில் வைத்தான். "பிடிச்சிக்க!" அவள் முள்சங்கின் முள்ளுக்கு நடுவில் பாதத்தை அழுத்தினாள். அழுத்தின அந்த நொடியில் சங்கிலி வந்து மோதியது. கருங்கல் புரண்டது. இருவரும் உருண்டு, உருண்டு, மடிக்குள் விழுந்தார்கள்.

மடிக்குள் பாதிப் பார் கிடந்தது. விசிறி ஒடிந்து, பஞ்சு பிய்ந்து, முள்ளி நொறுங்கி.

மடியைத் தொம்மை வள்ளத்தில் கொட்டினார். இறாலைத் தேடிக் கையை விட்டார். சுரீர்!

"ஆத்தாடி!" என்று கையை உதறினார்.

"என்னையத் தொடாதீரு! நான் கல்லையே விட்டுட்டு வந்தவ, எனக்கு இப்ப யாருக்கும் பயம் இல்ல!" என்றாள் பூவாத்தா.

தொம்மை குனிந்து பார்த்தார். சங்கின் மேல் சாமந்தி, சங்குக்குள் கோணையன். பிறகு குவியலைப் பார்த்தார். விசிறியை அடையாளம் தெரிந்தது. முகம் வெளுத்துப்போயிற்று.

"தம்பி... இது பாரா? நான் தட்டுனேனே. ஏன் இழுக்கல?"

கோணையன் கூட்டுக்குள் ஒளியவில்லை. தலையை வெளியே நீட்டியே சொன்னான். "கூடு மாத்தப் போயிட்டேன் மாமா. எம் மேலதான் தப்பு."

தொம்மை வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "மூணு மந்திரம் சொல்லணும். நான் ஒண்ணுதான் சொன்னேன்" என்றார். "நான் காத்திருந்தா நீ ஓடியாந்திருப்ப."

மற்றதெல்லாம் அசைவற்றுக் கிடந்தது. அசைந்தது இவர்கள் இரண்டு பேர்தான். அவர் சங்கை இரண்டு கையிலும் ஏந்தி, பூவாத்தா மேல் விரல் படாமல், தண்ணீருக்குள் விட்டார்.

இறங்குகிறார்கள், இறங்குகிறார்கள்! வெளிச்சத்துக்குள் இருந்து நீலத்துக்குள், நீலத்துக்குள் இருந்து பச்சைக்குள். தரையில் கால் பட்டதும் கோணையன் அழுதான். பூவாத்தா அழவில்லை. அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, இது எந்த எடம்?"

"நம்ம மேட்டுக்கு அந்தப் பக்கம் அக்கா."

"அந்தப் பக்கமா!" என்று அவள் போட்ட கத்தலில் பக்கத்தில் இருந்த மட்டிச் சிப்பி வாயை மூடிக்கொண்டது. "அங்க பாரு, புல்லு! கடலுக்குள்ள புல்லு! அந்தப் புல்லுக்குள்ள குதிரை மாதிரி ஒண்ணு நிக்கிது! கிட்டப் போடா, கிட்டப் போ!"

"அக்கா, நீ பாரமா இருக்க."

"நான் சிந்துறதத் தின்னுட்டு நட!"

ஒரு பேய்க்கணவாய் எட்டுக் கையையும் விரித்து வந்தது. அதற்குச் சங்கு நண்டு என்றால் உயிர். ஒரு கையைச் சங்கின் மேல் வைத்தது. பூவாத்தா வைத்தாள் ஒரு சூடு! கணவாய் மையைக் கக்கிவிட்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்துக் கோணையன், நடந்ததையெல்லாம் மறந்து, அன்றைக்கு முதல் தரம் சிரித்தான்.

மூன்று நாள் நடந்து பழைய பாருக்கு வந்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. உழுத வயல் போல நீளக் கோடு கோடாகச் சேறு. நட்சத்திர மீன் ஒருத்தி மூன்று கையோடு, மிச்சக் கை முளைக்கட்டும் என்று காத்திருந்தாள். புழுக்கள் இருந்தன. இரை தேடி வந்த அந்நிய நண்டுகள் இருந்தன. நூறு குடும்பத்தில் எண்ணினால் ஏழு. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கருங்கல் கவிழ்ந்து கிடந்தது.

"எறங்கிக்கோ அக்கா. கல்லைத் திருப்பி வைக்கேன்" என்றான் கோணையன்.

பூவாத்தா கல்லைப் பார்த்தாள். சங்கிலி மறுபடி வரும் என்று அவளுக்குத் தெரியும். தொம்மை தட்டினாலும் மற்ற வலைக்காரர்கள் தட்டப் போவதில்லை.

"நான் எறங்கல" என்றாள். "வச்ச எடத்துல இருக்கணும்னு ஜெபம் பண்ணினேன். அவரு என்னைய உன் முதுகுல வச்சிட்டாரு. இனிமே இதுதான் எடம். ஆனா ஒண்ணு. நீ கூடு மாத்துறப்ப என்னைய விட்டுட்டுப் போகக்கூடாது."

"போக மாட்டேன் அக்கா."

"அன்னைக்கு மாதிரி 'ஒரு நிமிசம்'னு சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன். முதல்ல உன்னையத் தட்டுவேன். நீ விட்டு, புதுக்கூட்டுல ஏறினப்புறந்தான் நான் வேற வேலை பார்ப்பேன்."

அப்படியே நடந்தான். நடக்க நடக்க என்ன ஆயிற்று என்றால், ஒட்ட இடமில்லாமல் தண்ணீரில் அலைந்துகொண்டிருந்த குஞ்சுகளெல்லாம் அந்தச் சங்கைப் பார்த்தன. கடல் பஞ்சின் துணுக்கு ஒன்று வந்து ஒட்டியது. பிறகு ஒரு குழாய்ப் புழு. பிறகு கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சு இரண்டு. பிறகு பூவாத்தாவின் சொந்தக் குஞ்சு ஒன்று, அம்மா பக்கத்தில். சுற்றிலும் சேறாகக் கிடந்த அந்தத் தரையில், ஒரு சங்கின் முதுகில் மட்டும் ஒரு சின்னப் பார் நடந்து போயிற்று. ஒருநாள் விடியற்காலையில் கோணையன் காதில் அந்தப் பேச்சு விழுந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பிள்ளை நசுங்குது!"

அவன் அப்படியே நின்றுவிட்டான். "அக்கா! கேட்டியா அக்கா?"

"கேட்டேன், கேட்டேன். நின்னுட்ட ஏன்? நட, நட! அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்ப்போம்!"

அன்று முதல்தான், சங்கு நண்டு கடல் சாமந்தியைத் தன் கூட்டின் மேல் சுமந்துகொண்டு நடக்கிறது. கூடு மாறும்போது அவள் பாதத்தில் மெல்லத் தட்டிக் கேட்கிறது. யார் பிடித்து இழுத்தாலும் கிழிந்துபோவாளே தவிர விடாத அவள், அந்தத் தட்டுக்கு மட்டும் கல்லானாலும் சங்கானாலும் விட்டுவிட்டு அவனோடு போகிறாள்.

கேட்டவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சங்காயம் பிரிக்கும்போது முதுகில் பூ ஒட்டிய சங்கு கையில் வந்தால், வாயைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே கால் அசைந்தால், நாலு எட்டு நடந்து போய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வாருங்கள்.